மகன் விட்டுச் சென்ற ஜாக் ரஸ்ஸல்: கொடுத்துவிடலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எனக்கு வயது 61, கணவருக்கு 67. போன வருடம் அவருக்கு வலது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் மகன் ஆசைப்பட்டு ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டி ஒன்று வாங்கினான். லட்டு என்று பெயர் வைத்தோம். ஆறே மாதத்தில் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். லட்டுவுக்கு இப்போது 14 மாதம். லிஃப்ட் சத்தம் கேட்டாலே குரைக்கிறான், நிறுத்துவதில்லை. துளசித் தொட்டியை மூன்று முறை தோண்டிக் கொட்டிவிட்டான். சோபாவின் ஒரு மூலை போயே போய்விட்டது. கணவர் எழுந்து நின்றால் அவர் காலில் தாவுகிறான். போன வாரம் பார்க்கிங்கில் ஒரு பெருச்சாளியைப் பிடித்து உதறிக் கொன்றதைப் பார்த்து எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. இத்தனைக்கும் காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப் போகிறேன். நடக்கும்போது சில சமயம் பின்னங்காலை இரண்டு மூன்று எட்டு தூக்கிக்கொள்கிறான், பிறகு சரியாகிவிடுகிறது. நாங்கள் சைவம், அவனுக்குத் தயிர் சாதம், பால், பிஸ்கட். அசோசியேஷனில் புகார் வந்துவிட்டது. பொள்ளாச்சியில் உறவினரின் தென்னந்தோப்புக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். ஆனால் ராத்திரி என் காலடியில்தான் படுக்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்:

அம்மாவுக்கு வணக்கம்.

லட்டுவை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். எட்டு வாரம் நான் சொல்வதைச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் கொடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. யாரிடம், எப்படி என்பதையும் எழுதியிருக்கிறேன். தென்னந்தோப்புக்கு மட்டும் அனுப்பாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் அந்தப் பின்னங்கால். போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நாய் திடீரென்று ஒரு பின்னங்காலை மடக்கிக்கொண்டு, நொண்டியாட்டம் ஆடுவதுபோல் இரண்டு மூன்று எட்டு துள்ளி, பிறகு காலை ஓர் உதறு உதறிவிட்டுப் பழையபடி ஓடினால், முழங்கால் சில்லு அதன் பள்ளத்திலிருந்து நழுவித் திரும்ப உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன இனங்களில் இது அடிக்கடி வருவது. நான்கு நிலைகளாகப் பிரிப்போம். முதல் நிலையில் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டு தொடைத் தசையைப் பலமாக வைத்திருந்தால் போதும். மூன்று, நான்கு என்றால் அறுவை பற்றிப் பேச வேண்டிவரும். மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார். இந்த வாரமே காட்டிவிடுங்கள். அதுவரை சோபாவிலிருந்து அவன் குதித்து இறங்கும் இடத்தில் ஒரு தடித்த மெத்தை போடுங்கள். டைல்ஸ் தரையில் அவன் பாய்ந்து ஓடும் பாதையில் ரப்பர் பாய் விரியுங்கள். வலியோடு இருக்கும் நாய் சீக்கிரம் எரிச்சல்படும், அதிகம் குரைக்கும். அதனால்தான் மற்றதற்கெல்லாம் முன்னால் இதைச் சொல்கிறேன்.

இப்போது லட்டு யார் என்பதைப் பார்ப்போம். "சின்ன நாய், பிளாட்டுக்கு ஏற்றது" என்று சொல்லித்தான் உங்கள் மகனிடம் விற்றிருப்பார்கள். ஐந்தாறு கிலோ எடை, முப்பது சென்டிமீட்டருக்குள் உயரம், முடி வெட்டும் செலவு இல்லை. உருவத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. ஆனால் இந்த இனத்தை மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக யாரும் உருவாக்கவில்லை. இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சேர்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 1819இல், ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார் என்பதில் தொடங்குகிறது இதன் வம்சக் கதை. அவருக்கு நரி வேட்டையில் பைத்தியம். பெரிய வேட்டை நாய்கள் துரத்தும்போது நரி வளைக்குள் புகுந்துவிடும். பெரிய நாய் உள்ளே நுழைய முடியாது. அங்கேதான் டெரியரின் வேலை ஆரம்பம். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். வளைக்குள் தனியாக இறங்கி, இருட்டில் நரியோடு முகத்துக்கு முகம் நின்று, விடாமல் குரைக்க வேண்டும். நரி வெளியே ஓடிவந்தால் சரி. வராவிட்டால், மேலே நிற்கும் ஆட்கள் தரைக்கடியில் குரைப்பு எங்கே கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்டு, அந்த இடத்தில் மண்வெட்டி போடுவார்கள். வாயை மூடிக்கொண்ட டெரியரை மண்ணுக்குள் எங்கே போய்த் தேடுவது?

உடம்பும் அந்த வேலைக்கென்றே அமைந்தது. வெள்ளை நிறம், நரி என்று நினைத்து வேட்டை நாய்கள் இதன்மேல் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. மார்பு குறுகல், வளைக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. முன்னங்கால்களுக்குப் பின்னால் உங்கள் இரண்டு கைகளாலும் லட்டுவின் மார்பைச் சுற்றி வளைத்துப் பாருங்கள், விரல்கள் ஒன்றையொன்று தொடும். நாய்க் கண்காட்சிகளில் நடுவர்கள் இன்றும் இப்படித்தான் அளந்து பார்க்கிறார்கள்.

சத்தம் கேட்டால் குரை, நிறுத்தாதே. மண்ணைக் கண்டால் தோண்டு. யாரும் சொல்வதற்குக் காத்திருக்காமல் நீயே முடிவெடு. எதிரே நிற்பது எத்தனை பெரிதானாலும் பின்வாங்காதே. இந்த நான்கையும் செய்கிற நாய்களாகப் பார்த்துப் பார்த்து இனம் சேர்த்து வந்திருக்கிறார்கள். அம்மா, உங்கள் கடிதத்தில் உள்ள புகார்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிஃப்ட், துளசித் தொட்டி, பெருச்சாளி எல்லாமே அவன் வேலை. அவனுக்குத் தெரிந்ததை அவன் செய்துகொண்டிருக்கிறான். அதைச் செய்வதற்கு நாம் இடம் ஒதுக்கவில்லை, அதனால் கிடைத்த இடத்தில் செய்கிறான்.

நடைக்குக் கூட்டிப் போயும் ஏன் அடங்கவில்லை என்பது நியாயமான கேள்வி. நான் தொழிலுக்கு வந்த புதிதில், இப்படி ஒரு டெரியரோடு வந்த இளைஞரிடம் "நன்றாக ஓடவிடுங்கள், களைத்துப் போனால் அடங்கிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தினமும் காலையில் சைக்கிள் ஓட்ட, நாய் கூடவே ஓடியது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். நாயின் தொடை இரும்பு மாதிரி இருந்தது. இதயத் துடிப்பு அத்தனை சீராக இருந்தது. குரைப்பு மட்டும் ஒரு துளி குறையவில்லை. தவறு என்னுடையது. சிப்பிப்பாறைக்குச் சொல்ல வேண்டிய மருந்தை டெரியருக்குச் சொல்லிவிட்டேன். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துக் காலால் துரத்துகிற நாய். திறந்த வெளியில் நான்கு ஓட்டம் ஓடினால் வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிடும். டெரியர் மூக்கால் தேடி, பாதத்தால் தோண்டி, கண்டுபிடித்து முடிக்கிற நாய். கால் களைத்தாலும் மூக்குக்கு வேலை கிடைக்காதவரை அது ஓயாது. உங்களுக்கு இது நல்ல செய்தி. நீங்கள் ஓட வேண்டியதில்லை. சாரும் ஓட வேண்டியதில்லை.

முதல் வேலை, தோண்டுவதற்கு அவனுக்கென்று ஓர் இடம். கொத்தனார்கள் சாந்து கலக்குகிற அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் பாதிக்குச் செம்மண்ணும் மணலும் கலந்து போட்டு, பால்கனியில் நிழலான மூலையில் வையுங்கள். தேங்காய் நார்த்தூள் வேண்டாம். விழுங்கினால் வயிற்றில் ஊதும். உரமோ பூச்சிமருந்தோ கலந்த பழைய தொட்டி மண்ணும் வேண்டாம். முதல் நாள் அவனுக்குப் பிடித்த பொம்மையைப் பாதி வெளியே தெரியும்படி புதையுங்கள். அவன் எடுத்ததும் மனதாரப் பாராட்டுங்கள். மறுநாள் இரண்டு விரல் ஆழம். ஒரு வாரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் போகலாம். அப்போது அவனைக் கவனியுங்கள். முதலில் மண்மேல் மூக்கை வைத்துச் சர்சர்ரென்று இழுப்பான். ஓரிடத்தில் மூக்கு நிற்கும். வால் விறைத்துக்கொண்டு மெல்ல நடுங்கும். அப்புறம் இரண்டு முன்னங்கால்களும் மாறி மாறி இயந்திரம்போல் ஓடும், மண் பின்னங்கால்களுக்கு நடுவே பின்னால் பறக்கும். நடுவில் நிறுத்தி, முகத்தை உள்ளே நுழைத்து, பலமாக ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பத் தோண்டுவான். பொம்மையை எடுத்துக்கொண்டு உங்களிடம் வரும்போது மீசை முழுவதும் செம்மண்ணாக இருக்கும். பால்கனியைக் கூட்டித்தான் ஆக வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் பத்து நிமிடம் இப்படித் தோண்டிய டெரியர் அப்புறம் தூங்குகிற தூக்கத்தைப் பார்த்தால், கூட்டுகிற வேலை பெரிதாகத் தெரியாது.

இரண்டாவது வேலையை சார் பொறுப்பில் விடுங்கள். வீட்டில் பழைய குழிப்பணியாரக் கல் இருக்கிறதா? கனமான இரும்புக் கல் என்றால் இன்னும் நல்லது, அவனால் கவிழ்க்க முடியாது. குழி ஒவ்வொன்றிலும் நாய்க்கான உலர் உணவு உருண்டைகள் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) நான்கைந்து போட்டு, மேலே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து மூடுங்கள். சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கல்லைத் தரையில் வைக்கலாம். ஆனால் அவன் நான்கு காலும் தரையில் இருக்க, சும்மா நின்றால்தான் கல் கீழே இறங்க வேண்டும். தாவினால் கல் மேலே போய்விடும். வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம், திட்டவும் வேண்டாம். நான்கைந்து நாளில் அவனுக்குப் புரிந்துவிடும், இந்த மனிதர் முன்னால் தாவினால் ஒன்றும் கிடைக்காது, நின்றால் கிடைக்கும் என்று. அறுவை செய்த முழங்காலுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. பந்துகளைத் தள்ளி எடுப்பது சுலபமாகிவிட்டால், பழைய துண்டில் உணவைத் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். கூரியரில் வரும் அட்டைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து உள்ளே ஒளியுங்கள். பெட்டியைக் கிழித்துப் போடட்டும், விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழிப்பதற்குப் பெட்டி கிடைத்தால் சோபாவின் மற்ற மூலைகள் பிழைக்கும். அவனுடைய உணவில் பாதியையாவது தட்டில் வைக்காமல் இப்படித் தேடிச் சாப்பிட வையுங்கள்.

குரைப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் கிராமபோன் குழலுக்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே ஒரு நாய், நினைவிருக்கிறதா? அது இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1884இல் பிறந்த நிப்பர். ஜாக் ரஸ்ஸல் கலந்த டெரியராக இருந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து. லட்டுவும் லிஃப்ட் சத்தம் கேட்டதும் முதலில் அப்படித்தான் தலையைச் சாய்ப்பான். காது நிமிரும், வாய் மூடும், உடம்பு அப்படியே நிற்கும். அரை நொடிதான். அதற்குப் பிறகுதான் குரைப்பு. நமக்கு வேண்டியது அந்த அரை நொடி.

உங்கள் கைபேசியில் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் மிகக் குறைந்த ஒலியில் போடுங்கள். அவன் தலையைச் சாய்த்ததும், குரைப்பதற்கு முன்பே, கொண்டைக்கடலை அளவு பன்னீர்த் துண்டு ஒன்றைக் கொடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. குரைத்துவிட்டானா, ஒலி அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒலியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நாளடைவில் சத்தம் கேட்டதும் கதவை நோக்கி ஓடாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்த பிறகுதான் நிஜ லிஃப்டோடு பழக்க வேண்டும். அதுவரை அவன் படுக்கையை வாசல் கதவுப் பக்கமிருந்து எடுத்து உள்ளறைக்கு மாற்றுங்கள். மின்விசிறி ஓடட்டும், கதவைச் சாத்தி வையுங்கள். "சும்மா இரு" என்று சத்தம் போடாதீர்கள். அவன் காதுக்கு அது நீங்களும் சேர்ந்து குரைப்பது. மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டை விற்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். வலியைக் கொடுத்து வாயை மூடினால், லிஃப்ட் வந்தால் வலிக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். அப்புறம் லிஃப்டிலிருந்து இறங்குகிற குழந்தைகளைப் பார்த்தாலே பயந்து கடிக்கிற நாயாகிவிடக்கூடும்.

அசோசியேஷன் விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. குரைப்பைக் காரணம் காட்டி வளர்ப்பு நாயைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றச் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆனால் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்க வேண்டாம். பக்கத்து வீட்டாரின் தூக்கமும் நியாயமானதுதான். "எட்டு வாரம் பயிற்சி கொடுக்கிறோம், எந்த நேரத்துக் குரைப்பு உங்களுக்குத் தொந்தரவு?" என்று நீங்களே போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்கிற நேரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு அரை மணி முன்னால் பணியாரக் கல்லை எடுங்கள்.

பெருச்சாளிக்கு வருவோம். உங்கள் நடுக்கம் எனக்குப் புரிகிறது. கண்முன்னால் பார்க்கக் கூடிய காட்சி அல்ல அது. ஆனால் லட்டு கொடூரமானவன் என்று மட்டும் நினைக்காதீர்கள். கவ்வியதும் உதறுவது கழுத்தெலும்பை ஒரே நொடியில் முறிப்பதற்கு, இரை திருப்பிக் கடிக்காமல் இருப்பதற்கு. அவன் ரத்தத்தில் இருக்கிற பழக்கம். என் கவலையே வேறு. எலி, பெருச்சாளியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே அது, நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். லட்டுவின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதற்கான தடுப்பூசி இரண்டு தவணை போட்டு, அதன்பின் வருடம் தவறாமல் போட வேண்டியது. விட்டுப் போயிருந்தால் காலைக் காட்டப் போகும்போதே போட்டுவிடுங்கள். காய்ச்சல், வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, கண்ணில் மஞ்சள், சிறுநீர் நிறம் மாறுவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பெருச்சாளியைப் பிடித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். அவன் சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து எலி மருந்து. பார்க்கிங்கில் பெருச்சாளி இருந்தால் மருந்தும் வைத்திருப்பார்கள். ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தைத் தின்ற நாயோ, அதைத் தின்ற எலியைத் தின்ற நாயோ, முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். அப்புறம் ஈறில் ரத்தம், மூச்சுத் திணறல், சோர்வு என்று வரும்போது உள்ளே நிறைய ரத்தம் கசிந்திருக்கும். வைட்டமின் கே1 கொடுத்து இதைக் காப்பாற்ற முடியும், தின்ற அன்றே வந்தால். எலி மருந்து பாக்கெட்டின் உறையையும் கையோடு கொண்டு வாருங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாகும். மருந்துக்குப் பதில் எலிக்கூண்டு வைக்கும்படி அசோசியேஷனில் கேளுங்கள். பார்க்கிங்கில் லட்டுவைக் கயிறில்லாமல் ஒரு நிமிடமும் விடாதீர்கள்.

சாப்பாட்டில் கட்டாயம் மாற்றம் வேண்டும். வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். அரிசிச் சோற்றில் அதில் பாதிகூடத் தேறாது. தயிர் சேர்த்தாலும் ஈடாகாது. ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 400 முதல் 450 கலோரி. ஒரு மேரி பிஸ்கட் 25 கலோரி பக்கம் வரும். எட்டு பிஸ்கட் கொடுத்தால் அவன் தேவையில் கிட்டத்தட்ட பாதியை வெறும் மாவும் சர்க்கரையுமாகக் கொடுத்துவிடுகிறோம். முழங்கால் சில்லு நழுவும் நாய்க்கு எடை கூடவே கூடாது. உங்கள் அடுப்பில் அசைவம் ஏற வேண்டாம் அம்மா. சின்ன இன நாய்களுக்கான முழுமையான உலர் உணவு பாக்கெட்டில் வருகிறது. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தயிர் ஒரு ஸ்பூன் மேலே விட்டுக்கொள்ளலாம், பழகிய ருசி. பிஸ்கட்டை அடியோடு நிறுத்துங்கள். அப்புறம், சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயமும், கேசரி, பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் நாய்க்கு விஷம். வெங்காயம் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பண்டிகை நாளில் வருகிற விருந்தினர்தான் அன்பாக ஊட்டிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நடையை நிறுத்த வேண்டாம், முறையை மட்டும் மாற்றுங்கள். கழுத்துப் பட்டையைவிட மார்பில் மாட்டும் பட்டை நல்லது. அணிலைக் கண்டால் அவன் பாய்கிற பாய்ச்சலில் உங்கள் கைதான் சுளுக்கும், சாரோ விழுந்தே விடுவார். ஆகவே சார் கயிற்றைப் பிடிக்க வேண்டாம். அரை மணியில் பத்து நிமிடமாவது அவன் விரும்பிய இடத்தில் நின்று மோப்பம் பிடிக்கட்டும், இழுக்காதீர்கள். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள். தெருநாய்களிடம் இவன் தன் அளவு தெரியாமல் வம்புக்குப் போவான். அவை கூட்டமாக இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதே நல்லது. வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரலிடுக்கு இரண்டிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலால் போகும் நாய்கள் நிறைய. மாதாமாதம் உண்ணி மருந்து, வருடத்துக்கு ஒருமுறை வெறிநாய்த் தடுப்பூசி, இரண்டிலும் தவறவே கூடாது. இந்த இனத்தில் கண்ணின் லென்ஸ் இடம்பெயரும் பரம்பரை நோய் ஒன்றும் உண்டு, நடுவயதில் வரும். ஒரு கண் திடீரெனச் சிவந்து, மங்கி, திறக்க முடியாமல் சுருக்கினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் பார்வை போகும்.

கடைசியாக, நீங்கள் கேட்ட கேள்வி. பிரிட்டனில் ராயல் வெட்டர்னரி கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2022இல் நாய் இனங்களின் ஆயுள் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் எடுத்துக்கொண்ட இனங்களில் முதலிடம் ஜாக் ரஸ்ஸலுக்குத்தான், பிறப்பிலிருந்து சராசரி 12.7 ஆண்டு. அதே பட்டியலின் அடியில் இருந்த பிரெஞ்சு புல்டாக்குக்கு 4.5. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினான்கு, பதினைந்து வரை போகிற நாய்களும் உண்டு. அதாவது லட்டு கிழவனாகும்போது உங்களுக்கு எழுபத்து மூன்று, நான்கு இருக்கும், சாருக்கு எண்பது. இப்போது சமாளிக்க முடிகிறதா என்பதோடு, அப்போது யார் என்பதையும் மகனிடம் பேசுங்கள். வாங்கியவர் அவர். தொலைவில் இருந்தாலும் காலை நடைக்கு ஒரு கல்லூரி மாணவரை அமர்த்திச் சம்பளம் அனுப்பலாம், மருத்துவச் செலவை ஏற்கலாம். ஒருநாள் முடியாமல் போனால் எந்த வீட்டுக்கு என்று இப்போதே ஒரு பெயரை முடிவு செய்யலாம். இதைக் கேட்க நீங்கள் தயங்கக் கூடாது.

தென்னந்தோப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் பாம்பு. தோப்புக்குப் போனால் சுதந்திரமாக ஓடுவான் என்று எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். மட்டைக் குவியலில் எலி இருக்கும், எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். நாட்டு நாய் பாம்பைக் கண்டால் பெரும்பாலும் எட்ட நின்று குரைக்கும். டெரியர் கவ்வப் போகும். அப்படி மூக்கிலும் உதட்டிலும் கடிபட்டு மேசைக்கு வந்த டெரியர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை. எட்டு வாரம் கழித்தும் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், நாய் வளர்த்துப் பழகிய, ஆள் எப்போதும் இருக்கிற, மதில் உள்ள வீடாகப் பாருங்கள். ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிற வீடு வேண்டாம். குட்டி போட வைக்கக் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள், கருத்தடை செய்தே கொடுங்கள். முதல் மாதம் இரண்டு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

இப்போதே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை குரைத்தான், எதற்கு, எத்தனை நேரம், அவ்வளவு போதும். ஆசிரியையாக இருந்தவர், வருகைப் பதிவேடுபோல் ஒழுங்காக வைப்பீர்கள் என்று தெரியும். எட்டாவது வாரம் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். மண் தொட்டி வந்து அவனுக்குப் பழகும்வரை துளசியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள். வெயில் அங்கே படும் என்றால் அங்கேயே இருக்கட்டும்.